மலை பேச, சாட்சிக் கூண்டு மட்டும்தானா?

டிசம்பர் வந்தால் பட்டியல்கள் வந்துவிடும். இந்த ஆண்டு நான் வாசித்த ஐம்பது நூல்கள், நூறு நூல்கள் என்று. ரஷ்ய நாவல், ஜப்பானியச் சிறுகதை, கொஞ்சம் தத்துவம், கொஞ்சம் சூழலியல். ‘பரந்த வாசிப்பு’ என்ற பாராட்டும் கிடைக்கும். நூறு நூல்களில் ஓரிடத்தில்கூட சாதி எதிர்ப்படவில்லை என்றால், அது எப்படிப் பரந்த வாசிப்பு ஆகும்? அக்கிரகாரத்துக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே உலாவிவிட்டு, சேரிப்பக்கமே போகாமல், ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்பது போலத்தான்.

இந்த ஆண்டு நானும் பலவகை படித்தேன். நாவல், தன்வரலாறு, சட்டம், தீர்ப்பு, வெள்ளையர் காலத்து இனவரைவியல். நான் இருப்பது திருப்பத்தூர். கண்ணெதிரே ஜவ்வாதுமலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மலைமேல் ஊர்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைமக்கள். இவர்களை யார் எழுதியிருக்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் ஒவ்வொன்றையும் புரட்டினேன்.

எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் மலையாளிகளும் உண்டு. மனிதர்களின் மூக்கை அளந்து வகை பிரித்த அதிகாரி அவர். அவருடைய பக்கங்களில் மலையாளி பேசுவதில்லை, பேசப்படுகிறார்.

ச.பாலமுருகன் எழுதியிருக்கிறார். வீரப்பன் வேட்டை என்ற பெயரில் சோளகர் மக்கள்மீது நடந்த வதைகளைச் சொன்ன ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது. வாய்மூடி இருந்த இலக்கிய உலகின் நடுவே அது ஒரு போராட்டம். ஆனால் அதுவும் மலைக்கு வெளியே இருந்து நீண்ட தோழமைக் கை.

மலைமக்களின் சொந்த வாக்குமூலம் எனக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? வாச்சாத்தி வழக்கு. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தண்டனை வந்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 31 ஆண்டுகள்! ஒரு மலையாளிப் பெண்ணின் சொல் தாளில் ஏற வேண்டுமென்றால், அவள் சிதைக்கப்பட்டு, சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. இதுதான் தமிழ் எழுத்துலகின் யோக்கியதை.

‘இலக்கியத்தில் சாதி பார்க்காதீர்கள்’ என்பார்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. சேரி தன் கையால் தன்னை எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த உபதேசமும் உரத்து ஒலித்தது. அதற்கு முன்பு எழுதியவர்கள் எல்லாம் சாதியற்றவர்களா?

அம்பேத்கர் 1936இலேயே, ‘சாதி ஒழிப்பு’ உரையில், இதைத் தொட்டுவிட்டார். இத்தனை பழமை பேசும் இந்து நாகரிகம், தன் நடுவே வாழும் பழங்குடிகளை ஏன் அப்படியே விட்டுவைத்தது? அவர்களைத் தன்னவராக ஏற்று, கூட வாழ்ந்து கற்பிக்கச் சாதி விடாது என்பதே அவர் தந்த விடை. பழங்குடிகளைக் குறித்து அவர் ஆண்ட சில சொற்கள் இன்று உறுத்துகின்றன. கேள்வி உறுத்துவதோ அதைவிட அதிகம். அந்த உரையை ஆண்டுதோறும் பட்டியலில் சேர்க்கும் நம் தோழர்கள், இந்தப் பகுதியை மட்டும் ஏன் கடந்து போகிறார்கள்?

எழுத்து என்பது மலைக்கு ரசனைப் பிரச்சினை அல்ல. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சில பழைய மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன. வட ஆற்காடு அதில் இருப்பதால் ஜவ்வாதுமலைக்காரர் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளி பழங்குடி இல்லை. தாளில் ஒரு சொல் விடுபட்டதற்குத் தலைமுறைகள் விலை கொடுக்கின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் ‘கடத்தல்காரர்கள்’ என்றே செய்தியில் ஏறினார்கள். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த கை எந்த மலையில் பிறந்தது?

இந்த ஆண்டுப் பட்டியலை வெளியிடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே எழுதியவரின் சாதியையும் எழுதப்பட்டவரின் சாதியையும் குறித்துப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், பரந்த வாசிப்பு என்று.

சாதி ஒழிப்பு பேசும் பதிப்பகங்களுக்கும் வாசிப்பு வட்டங்களுக்கும் ஒன்று: 2006 வன உரிமைச் சட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டு மலையூர்க் கிராம சபைகளில் உரக்கப் படியுங்கள். உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து வரும் மலைப்பிள்ளைகளின் கையெழுத்துப் படிகளைக் கேட்டு வாங்குங்கள். நம் தமிழுக்குத் திருத்தாமல், அவர்கள் தமிழிலேயே அச்சிடுங்கள்.