புட்டு அவிச்ச விளையாட்டும் பட்டியலில் இல்லாத எங்கட நாடும்

'வெண்பா' விளையாடாத ஆக்கள் ஒருக்காத் தேடிப் பாருங்கோ. ரொறன்ரோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் எழுத்தழிந்த சமையல் குறிப்பை வைச்சு இட்லியும் குழல் புட்டும் அவிக்க வேணும். ரெண்டு மணித்தியாலத்துக்குள் முடிஞ்சிடும். 2023 யூலை 31 அன்று கணினியோடு பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் கடைகளிலும் வெளிவந்தது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் கிடைச்சது.

"அப்ப நாங்களும் செய்வம்" என்று நினைக்கிற பெடியளும் பெட்டையளும் வன்னியிலும் இருக்கினம். செய்ய ஏலும். ஆனா அந்தக் கடைக்குள் நுழையிறது லேசில்லை.

பிளேஸ்டேசன் கணக்குத் திறக்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. எங்கட ஆக்கள் வேற நாட்டு முகவரியைக் குடுத்துத்தான் திறக்கினம். விளையாட்டை விற்கப் போறவருக்கு இன்னும் கஷ்டம். உருவாக்குநராப் பதிய வேணும், ரகசியக் காப்பு ஒப்பந்தம் வைக்க வேணும், சோதனைக்கென்று தனிக் கருவி வேணும், வயதுத் தரம் எடுக்க வேணும். பிறகு கம்பனி ஒவ்வொன்றையும் சோதிக்கும்: நடுவில் கன்ட்ரோலர் கழன்றால் என்ன நடக்கும், சேமிச்சது அழியுமா என்று. தப்பினால் திரும்ப முதலிலிருந்து.

அதனால்தான் கனபேர் வெளியீட்டாளரோடு சேருகினம். இந்தியாவின் புனே நகரில் செய்த 'ராஜி' 2020 ஓகஸ்டில் ஸ்விட்சுக்கு வந்ததும் அப்பிடித்தான். வெளியீட்டாளர் கருவியும் தருவார், வாசலும் திறப்பார். வருமானத்தில் பங்கும் எடுப்பார். கதையும் பாத்திரங்களும் ஆருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் பாராமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

என்ர கருத்து இதுதான்: முதல் விளையாட்டைச் சின்னதாச் செய்து கணினிக்கு விடுங்கோ. இட்ச் தளத்தில் போடக் காசில்லை. ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர். அதைக் காட்டித்தான் பெரிய கடைக் கதவைத் தட்டலாம்.

இது அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளின் வேலை மட்டுமில்லை. 'வெண்பா'வைத் தூக்கி நிறுத்தினது மொழியும் சமையலும். அவை கலைப்பீடத்தாரின் காணி. குழலில் இல்லாமல் நீத்துப்பெட்டியில் புட்டு அவிக்கிற வீட்டை, கடல் தண்ணியில் விளக்கெரியும் வற்றாப்பளையை, கோவலன் கூத்தை எழுத நாங்கள்தானே இருக்கிறம்?

நாங்கள் எழுதாட்டி வேற ஆரும் செய்வினம். வன்னி என்றால் வெளியில கனபேருக்கு 2009 மட்டும்தான். அவை செய்தால் விளையாடுபவரின் கையில் துவக்கு இருக்கும். நாங்கள் செய்தால் ஒரு சைக்கிள் இருக்கும். காணி உறுதியா, தையல் மெசினா, அம்மம்மாவா, எதை ஏத்துறது, எதை விட்டிட்டுப் போறது என்ற கேள்வி இருக்கும். யுத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாதெண்டு இல்லை. அதை எங்கிருந்து பார்க்கிறம் என்பதை நாங்களே தீர்மானிக்க வேணும்.

கோட் எழுதத் தெரிஞ்ச ஒருத்தர், படம் கீறுற ஒருத்தர், கதை எழுதுற ஒருத்தர். மூண்டு பேர் காணும், தொடங்குங்கோ.