மாத்திரையும் தவக்குலும்

சர்க்கரை நோய்க்குரிய மாத்திரையை விருந்தினர் முன்னிலையிலேயே எடுத்து விழுங்கும் நம் இல்லங்களில், மனநோய்க்குரிய மாத்திரை மட்டும் அலமாரித் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கப்படுகின்றது. ஒளிப்பதோடு நின்றாலும் பொறுத்துக் கொள்ளலாம். ஈமான் உறுதியாக இருந்தால் இது எதற்கு, ஓதிப் பார்த்தால் போதாதா என்று உறவினர் ஒருவர் கூற, மறுநாள் முதல் மருந்து நிறுத்தப்படுகின்றது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்போது அந்த உறவினரைக் காண முடிவதில்லை.

மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவிய செய்தியை உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். செய்து கொள்ளுமாறே அண்ணலார் பணித்தார்கள். மருந்தில்லாத நோயை இறைவன் வைக்கவில்லை என்றும், முதுமை ஒன்றே அதற்கு விலக்கு என்றும் விளக்கினார்கள். அந்த விலக்கில் மனநோய் சேர்க்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே மருத்துவ நூல் எழுதினார். துஆவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. துஆ கேட்கும் நாவே மாத்திரையையும் விழுங்கலாம் என்கிறோம்.

இம்மருந்துகள் யாவும் அடிமைப்படுத்துபவை என்ற எண்ணம் பரவியுள்ளது. நெடுநாள் உட்கொண்டால் அடிமைப்படுத்தக் கூடியவை டயஸிபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். வேடிக்கை யாதெனில், சீட்டின்றிக் கடையில் வாங்கி விழுங்கப்படுபவை பெரும்பாலும் இவையே! மனச்சோர்வுக்கான மருந்துகள் அத்தகைய வேட்கையை உண்டாக்குவதில்லை. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே பயனில்லை என்று எறிவது அறியாமை. குணம் கண்ட பின்னும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் உறக்கமின்மையும் வரும் என்பதால், மருத்துவர் படிப்படியாகவே குறைப்பார். உடல் பருத்தல், கைநடுக்கம், மந்தம் ஆகிய தொல்லைகள் சில மருந்துகளால் வருவது உண்மையே. அவற்றை மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.

ரமலானில் தனிக் கவனம் தேவை. இருமுனை மனநோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் பகல் முழுதும் நீரருந்தாதிருந்தால், குறிப்பாகக் கோடையில், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயரக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை அதன் அபாய அறிகுறிகள். ஆகவே நோன்புக்கு முன்னரே இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்டறிய வேண்டும். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தால் வருந்த வேண்டியதில்லை. நோயாளி வேறு நாட்களில் நோற்கவும், தீராத நோயுடையோர் ஃபித்யா வழங்கவும் மார்க்கம் இடமளித்துள்ளது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தும் மகனைப் பார்த்து, 'திடகாத்திரமாகத்தானே இருக்கிறாய்?' என்று கேட்காதிருப்பது வீட்டாரின் கடமை.

நிக்காஹ் நிச்சயமானதும் பெண்ணின் மருந்தை நிறுத்தும் வழக்கமும் நம்மிடையே உண்டு. வால்புரோயேட் போன்ற மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பது மெய். அதனாலேயே திருமணத்துக்கு முன்பே மருத்துவரைக் கண்டு தக்க மருந்துக்கு மாற வேண்டும். வீட்டாரே நிறுத்துவது தீர்வாகாது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றிச் சிக்கினர். 28 பேர் மாண்டனர். ஜியாரத்துக்கு அழைத்துச் சென்றதை இங்கே குறை கூறவில்லை. மருத்துவமின்றிச் சங்கிலியில் விட்டதையே கூறுகிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

ஷஃபான் மாத ஜும்ஆ பயான்களில் நோன்பின் சட்டங்களை விளக்கும் ஆலிம் பெருமக்கள், மனநோய்க்கு மருந்து உட்கொள்வோர் ரமலானுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே தம் மருத்துவரைக் கண்டு வருமாறு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்களாக.