உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்

ஆயுத பூஜைக்குப் புதுச் சிவப்பு பூசிய டிராக்டர் பானட், பொங்கலுக்குள் பாம்புச் சட்டையாய் உரிந்தால் அருப்புக்கோட்டைப் பக்கம் முதல் வசவு பெயிண்ட் கம்பெனிக்குத்தான். டப்பாவை வைவதற்கு முன் உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் துருப்பொடி ஒட்டியிருந்தால், சுரண்டாமலே அடித்திருக்கிறார்கள். அடியில் தகரம் பளபளத்தால், டீசலும் கிரீஸும் சரியாகத் துடைபடவில்லை, அல்லது உப்புத்தாள் போடவே இல்லை. பிரைமர் தங்கி மேல்பூச்சு மட்டும் கழன்றால், பிரைமரைத் தேய்க்காமல் பூசிய அவசரம். சுருக்கம் சுருக்கமாக எழும்பினால், பழைய எனாமல் மீது டூகோ அடித்திருப்பார்கள். அதன் தின்னர் கடுமையானது, கீழ்ப்பூச்சைக் கிளப்பிவிடும்.

கொப்புளம் கட்டினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். திருச்சுழி வட்டாரத்தில் உவர் நீருக்குப் பஞ்சமில்லை, நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். உவர் நீரில் கழுவிய தகரத்தில் உப்பு படிந்துவிடும். பூச்சுக்கு அடியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கழுவலுக்காவது ஒரு குடம் குடிதண்ணீரைச் செலவழிக்கத்தான் வேண்டும். வெயிலும் வில்லங்கம்தான். சுடும் தகரத்தில் தெளித்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து தின்னர் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

மானாவாரி உழவு நெருக்கும் புரட்டாசியில், பூஜைக்கு முந்தின நாள் வண்டியைப் பட்டறையில் விடுவதை நிறுத்துங்கள். வேலை ஓய்ந்த மாசி, பங்குனியில், நிழலில், காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். சுரண்டுகிற கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.