கூச்சத்தின் மேல் போடும் பழி

மார்பகப் புற்றுநோய்க்குப் பெண்கள் காலங்கடந்து வரக் கூச்சமும் அறியாமையுமே காரணம், விழிப்புணர்வு முகாம் போட்டால் சரியாகிவிடும் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. கூச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அப்புறம் என்ன நடக்கிறது? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கட்டி பெரும்பாலும் வலிக்காது. முதலில் பார்க்கும் டாக்டர், "சாதாரணக் கட்டிதாம்மா" என்று மாத்திரை எழுதித் தருவார். கரையவில்லை என்றால் இன்னொரு கோர்ஸ். சில இடங்களில் கட்டியை வெட்டி எடுத்து, பயாப்சிக்கு அனுப்பாமலே தையல் பிரித்து அனுப்பிவிடுவதும் உண்டு. (முகாம் நடத்தியே தீர வேண்டுமென்றால் இந்த டாக்டர்களுக்கு நடத்துங்கள்.) ஊசி பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்தாலும் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனை முடிவுகள் வராமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. பல ஊர்களில் அந்தச் சோதனை வசதி இல்லை. மாதிரி வெளியூர் லேபுக்குப் போய்க் காத்துக் கிடக்கும். இடையில் முதலமைச்சர் காப்பீட்டுக்காக விஏஓ கையெழுத்து, துணைக்கு ஓர் ஆள், போகும் நாள்கூலி.

முதலில் வந்து காட்டியதிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. மார்பகம் உட்பட 7 வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்து 2020இல் பிஎம்ஜே இதழில் வெளியான ஆய்வின்படி, அறுவை சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு 4 வாரத்துக்கும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது.

முதல் ஓபி சீட்டின் தேதியையும் சிகிச்சை தொடங்கிய தேதியையும் மருத்துவமனைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடட்டும். கூச்சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.