‘வந்ததே வந்தோம்...’ என்று சாப்பிடாதீர்கள்!

நண்பர்களோடு டூர் கிளம்புகிறீர்கள். வீட்டில் என்ன சொல்லி அனுப்புவார்கள்? “கண்ட கடையில சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டு வராதீங்க!” நீங்களும் சமர்த்தாகத் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறுகிறீர்கள். வேன் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் முன் சீட்டுக்காரர், எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியல் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரு சித்த வைத்தியன் இதற்கு என்ன சொல்வான்? வீட்டுப் புளியோதரை, நீர்மோர், சுக்குக் காபி... இதைத்தானே எதிர்பார்க்கிறீர்கள்? மன்னிக்க வேண்டும். கடையில் சாப்பிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரு ஊருக்குப் போய்விட்டு அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடாமல் திரும்புவது என்ன டூர்? ஆனால் அதற்கு முன் போன வருஷ சீசனில் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் ஆறு பேர். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். மாணவர்களாக இருந்தபோது மூலிகை பார்க்கக் குற்றாலம் மலையில் ஏறியவர்கள். இப்போது எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஜூலை மாதம், சாரல் நன்றாக இருந்த நேரத்தில், மூன்று நாள் குற்றாலம் போவோம் என்று கூடினோம். வீட்டுக்காரம்மாக்கள் இல்லை. பிள்ளைகள் இல்லை. கேட்பாரில்லை!

முதல் நாள் நெல்லை. மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் வெந்த காய்கறியும், கூடவே இஞ்சித் துவையலும். இந்த இஞ்சித் துவையல் சும்மா வரவில்லை. தேங்காய்ப் பால் மந்தம் பண்ணும். இஞ்சி அதை அறுக்கும். யாரோ ஒரு பாட்டி எந்தக் கல்லூரிக்கும் போகாமல் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் அது. சாயங்காலம் அல்வா. இலையில் சுடச்சுட வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். பிறகு 55 கிலோமீட்டர் பயணம் செய்து தென்காசி. இரவு ஒன்பதரைக்கு ரோட்டோர இட்லிக் கடை.

அங்கே எங்களில் ஒருவர், “எனக்கு ரெண்டு இட்லி போதும்டே” என்றார். அல்வாவையும் அவர் விரல் நுனியால் கிள்ளித்தான் சாப்பிட்டிருந்தார். “என்னல, ஆஸ்பத்திரிச் சாப்பாடா? வந்ததே வந்தோம், நல்லாச் சாப்பிடுல!” என்று அவர் இலையில் நாலு இட்லியைத் தள்ளியவன் யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான்.

அந்த ‘வந்ததே வந்தோம்’ இருக்கிறதே, அது பொல்லாத வார்த்தை.

அடுத்த நாள் கதைக்குப் போகும்முன் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோட்டோரக் கடை என்றாலே அசுத்தம், ஏ.சி. ஓட்டல் என்றால் சுத்தம் என்று பல பேர் நினைக்கிறார்கள். நான் போர்டைப் பார்க்க மாட்டேன். பாத்திரத்தைப் பார்ப்பேன். இட்லிச் சட்டி திறந்தவுடன் காலியாகிறதா? அடுத்த ஈடு வைக்கிறார்களா? சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறதா, இல்லை ஓரமாக ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கிறதா? 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்குமான சூடு கிருமிகளுக்குச் சத்திரம் மாதிரி. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கிற குழம்பு அதனால்தான் ஆபத்து. கூட்டம் மொய்க்கிற சின்னக் கடையில் குழம்புக்கு ஆறுவதற்கே நேரம் இருக்காது. ஈ ஓட்டுகிற பெரிய ஓட்டலில் காலையில் வைத்தது சாயங்காலமும் இருக்கும்.

சட்னி விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. தோசை கல்லில் வேகிறது; அதைப் பற்றிப் பயம் வேண்டாம். தேங்காய்ச் சட்னி வேகாதது. யாரோ கையால் தேங்காய் எடுத்து, எந்தத் தண்ணீரையோ ஊற்றி அரைத்தது. விடிகாலையில் அரைத்ததைப் பதினோரு மணிக்கு ஊற்றினால், இலையில் விழுவதற்கு முன்பே “வேண்டாம்பா, சாம்பார் போதும்” என்று சொல்லிவிடுங்கள். பச்சை வெங்காயமும், ஐஸ் போட்ட சர்பத்தும் இதே ஜாதிதான். டூர் போய்வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பாவம் பரோட்டாவின் மேல் பழியைப் போடுவார்கள். கிண்டிக் கிளறிக் கேட்டால் கடைசியில் ஐஸ் போட்ட ஜூஸ் வெளியே வரும்!

பொரிக்கிற எண்ணெயையும் எட்டிப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைகிறதா? பஜ்ஜியை மறந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. நம்மிடம் அதை அளக்கக் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கின்றனவே.

பரோட்டா? அதையும் கேட்பீர்கள் என்று தெரியும். மைதாவில் ‘அலாக்சான்’ இருக்கிறது, அதனால்தான் சர்க்கரை வியாதி வருகிறது என்று என் சகாக்களே மேடையில் முழங்குகிறார்கள். அது சோதனைக்கூடத்தில் எலிகளுக்கு ஊசியில் ஏற்றுகிற சமாச்சாரம். மைதா தின்று அதனால் மனிதருக்குச் சர்க்கரை வந்ததாக நிரூபணம் கிடையாது. மைதாவின் குறை வேறு. அதில் தவிடு இல்லை, நார் இல்லை. எண்ணெயும் சேர்ந்து வயிற்றில் கனமாக உட்காரும். இரவு பதினொரு மணிக்கு ஆறு பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்சைக் கரிக்கத்தான் செய்யும். அதற்கு எதற்கு எலிக் கதை?

சரி, இரண்டாம் நாளுக்கு வருவோம்.

காலையில் எல்லோரும் எழுந்தவுடன் தீர்மானம் நிறைவேறியது. “டிபன் வேண்டாம். வயித்தைக் காலியா வச்சுக்குங்க. அருவியில குளிச்சிட்டு நேரா பார்டர் பரோட்டா!” செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் என்றால் சீசனுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1-ம் தேதி நம்மோடு சேரும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அந்தப் பழைய எல்லையின் பெயர் இன்னும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை அகலப் பரோட்டா, மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. நினைத்தாலே பசிக்கும். அருவியில் நின்றுவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஐந்தருவியில் கூட்டம். வரிசையில் நின்று குளித்து, தலை துவட்டி, வேனைத் தேடிப் பிடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து கடைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால். கடையில் உட்கார இடமில்லை. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம்.

இரண்டு இட்லி நண்பர் திடீரென்று சப்ளையர் பையனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். “எவ்வளவு நேரம்டா நிக்கிறது? மனுஷனா மாடா?” எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன் அவர். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே சாரல் அடிக்கிறது, இவருக்கு வியர்க்கிறது! “அருவித் தண்ணி இன்னும் காயலை போல” என்று ஒருவர் ஜோக் அடித்தார். அவர் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

ஐந்து வைத்தியர்கள் சுற்றி நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவன் யார் தெரியுமா? அந்தத் திட்டு வாங்கின பையன்தான். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வரும்” என்று ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தான்.

அதற்குள் ஒருவர் வேனுக்கு ஓடிப்போய் அல்வாப் பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கிப்போனால் இனிப்பாக இருப்பதெல்லாம் மருந்து ஆகாது. அல்வாவிலும் சாக்லேட்டிலும் இருக்கிற நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது குளுக்கோஸ். பதினைந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்து, தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்தவுடன் வயிற்றுக்கு ஏதாவது ஆகாரம். அகார்போஸ், வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டதா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

எங்கள் நண்பர் கால் மணி நேரத்தில் தெளிந்தார். பையனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. ஏழு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். காலை ஏழரைக்கு வழக்கம்போல் மாத்திரை போட்ட பிறகுதான் டிபன் கிடையாது என்று எங்கள் தீர்மானம் வந்திருக்கிறது. அதோடு விட்டாரா? ‘மத்தியானம் பரோட்டா இருக்கே’ என்று முன்ஜாக்கிரதையாக அரை மாத்திரை கூடுதலாக வேறு! அந்த ஜாதி மாத்திரை, உள்ளே சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அருவி, நடை, அலைச்சல்.

“ஏன்டே, எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“எப்படிச் சொல்லுவேன்? சித்த வைத்தியன் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடறான்னு நீங்களே சிரிப்பீங்களே.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், சிரித்திருப்பேன். முந்தின நாள் இரண்டு இட்லிக்கே சிரித்தவன்தானே?

வாசகர்களே, இந்த வெட்கம் எங்கள் நண்பருக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள். உங்கள் வேனிலும் ஒருவர் இருப்பார். சர்க்கரையை மறைக்கிறவர், ஸ்டென்ட் வைத்ததை மறைக்கிறவர், அல்சர்காரர், மூலக்காரர். ‘நம்மால் மத்தவங்க சந்தோஷம் கெடக்கூடாது’ என்று ஒன்றும் சொல்லாமல் எல்லாக் கடையிலும் ஏறி இறங்குவார். பெண்கள் சேர்ந்து போகும் டூரிலும் இதேதான். அங்கே இன்னும் மோசம். பாத்ரூம் கிடைக்காது என்று தண்ணீரையும் குடிக்காமல் வருவார்கள்.

கிளம்பும்முன் கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது உங்கள் வியாதியும் மாத்திரையும் தெரிந்திருக்கட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். டூர் என்று மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம், அல்வாவுக்கு ஈடுகட்டக் கூட்டுவதும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் மாறப்போகிறது என்றால் என்ன செய்வது என்று, மாத்திரை எழுதித் தந்த டாக்டரையே புறப்படும்முன் கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காகப் பசியோடு காத்திருப்பது சர்க்கரைக்காரருக்கு ஆகாது. நாலு இட்லி தின்றுவிட்டுப் போய்ப் பரோட்டாவை இரண்டாகக் குறைத்துக்கொண்டால் கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஒருவர் “போதும்” என்றால் விட்டுவிடுங்கள். இலையில் தள்ளாதீர்கள்.

சாப்பாடு மீறி மந்தமாகிவிட்டால் ஒரு வேளை பட்டினி போட்டு, சீரகத் தண்ணீர் குடியுங்கள், அதுவே போதும். பேதியானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலந்து அடிக்கடி குடியுங்கள். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ, தொண்டை வறண்டு சிறுநீர் குறைவதோ தெரிந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். சித்த வைத்தியன்தான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி மறுபடி பார்டர் போனோம். நண்பர்தான் பிடிவாதம் பிடித்தார். மத்தியானம் அவர் வாய்க்குப் பரோட்டா சரியாக எட்டவில்லையாம்! எட்டு மணிக்கே போய்விட்டோம். அதே பையன் சிரித்துக்கொண்டே இலை போட்டான். “அண்ணாச்சிக்கு முதல்ல வைக்கேன்” என்றான். அவர் இரண்டு பரோட்டா, கொஞ்சம் மிளகுக் கோழி, அளவாகச் சால்னாவோடு எழுந்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் நாலு பரோட்டா சாப்பிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, அவரிடமே சீரகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.