அழிக்கும் உரிமையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள்

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியில் கேட்போருக்கெல்லாம் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் தன் வசம் இருப்பதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. திருட்டைப் பற்றிப் பலரும் பேசினார்கள். ஆனால், நோயாளிகளின் அடையாள அட்டை நகல்கள் இவ்வளவு பெரும் குவியலாக ஒரு தனியார் நிறுவனத்திடம் ஏன் சேர்கின்றன, தேவை முடிந்த பின் அவை ஏன் அழிக்கப்படுவதில்லை என்ற கேள்வி போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

இந்தக் குவியல் தானாக உருவானதன்று. 2017 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பாலிசிகளுடன் ஆதார் எண்ணை இணைப்பது கட்டாயம் என்று அறிவித்தது. முகவர்கள் வீடு தேடி வந்து நகல் வாங்கிச் சென்றனர். 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த 57ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்றது. ஆதார் ஆணையம் தன்னிடமுள்ள சரிபார்ப்புப் பதிவுகளை 6 மாதத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆனால் கட்டாயத்தின் பேரில் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே திரட்டிய எண்களையும் நகல்களையும் அழிக்குமாறு அது ஆணையிடவில்லை. வாசல் அடைக்கப்பட்டது; உள்ளே சென்றது உள்ளேயே இருந்தது. 2023 ஜனவரி முதல், மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட எல்லாப் புதிய பாலிசிகளுக்கும் அடையாளச் சரிபார்ப்பு மீண்டும் கட்டாயமாயிற்று.

இதற்குத் தீர்வு என்று ஒன்றிய அரசு முன்வைப்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, தன் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. வேறு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், வாடிக்கையாளர் உறவு முடிந்த பின்னரும் 5 ஆண்டுகளுக்கு அடையாள ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. பாலிசி முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் அழி என்று எவரும் கோர முடியாது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 12ஆம் பிரிவின் உரிமை, ஒருவர் தாமே இசைவு தந்து அளித்த விவரங்களுக்கு மட்டுமே உரியது. 7ஆம் பிரிவோ இசைவின்றியே தரவுகளைக் கையாளத்தக்க இனங்களைப் பட்டியலிடுகிறது. அரசு வழங்கும் மானியமும் பலனும் அவற்றுள் ஒன்று. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்கள் இன்னொன்று.

மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதால் ஈஎஸ்ஐ வரம்புக்கு வெளியே நிற்கும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முதலாளி எடுக்கும் குழுக் காப்பீடே அவருக்குக் கதி. அவருடைய ஆதார் நகலும், மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரின் விவரங்களும் ஆலையின் மனிதவளத் துறை வழியாகத் தரகு நிறுவனத்திற்கும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்திற்கும், கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏ நிறுவனத்திற்கும் செல்கின்றன. எவரும் அவரிடம் இசைவு கேட்பதில்லை. வேலையை விட்டு நீங்கிய பின் அழிக்கச் சொன்னால், இது வேலைவாய்ப்பு நோக்கத்திற்காகப் பெற்றது, இதற்கு 12ஆம் பிரிவு பொருந்தாது என்று நிர்வாகம் வாதிட வழி திறந்தே இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்தின் நிலையும் இதுவே. சொந்தப் பணத்தில் பாலிசி வாங்கியவருக்கு உரிமை. உழைப்பின் பேரிலோ வறுமையின் பேரிலோ காப்பீடு பெற்றவருக்கு அது ஐயத்திற்குரியது. சட்டத்தின் வர்க்கத் தன்மையை விளக்க வேறு சான்று தேவையில்லை.

நோக்கம் நிறைவேறிய பின் தரவை அழிக்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு கூறுகிறதே என்று சிலர் கேட்கலாம். நோக்கம் நிறைவேறிவிட்டதா என்பதை முதலில் முடிவு செய்வது நிறுவனமே. இணைய வணிகம், இணைய விளையாட்டு, சமூக ஊடகம் ஆகிய துறைகளின் பெரு நிறுவனங்களுக்கு விதிகள் 3 ஆண்டு என்ற வரம்பை வகுத்துள்ளன. காப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 17ஆம் பிரிவு அரசையும் அதன் அங்கங்களையும் அழிக்கும் கடமையிலிருந்தே விடுவிக்கிறது. நாம் தனியார்மயத்திலிருந்து காக்கப் போராடும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் இந்த விலக்கைக் கோர முடியும். இதைச் சொல்ல நமக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆயினும் சொல்லாமல் கடந்து செல்வது சரியன்று.

நடைமுறைக்கு வரும் வரிசையைப் பாருங்கள். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்ற பெயரில் அதிகாரிகள் விவரங்களை மறைக்க வழிசெய்யும் ஏற்பாடு உடனே நடைமுறைக்கு வந்தது. குடிமக்களின் அழிக்கும் உரிமைக்கோ 18 மாத அவகாசம். 2027 மே வரை காத்திருக்க வேண்டும். அதே வேளையில், கவனக்குறைவால் தரவுகளைக் கசியவிடும் நிறுவனத்திடம் இழப்பீடு கோர இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் நீக்கப்படும். புதிய சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. அது முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். நோய் அம்பலமான தொழிலாளிக்கு ஒரு ரூபாயும் இல்லை. அற்பமான புகார் கொடுத்தார் என்று கருதப்பட்டால் அவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். காசநோய்க்கோ மனநலத்திற்கோ சிகிச்சை பெற்றது அடையாள எண்ணுடன் சேர்ந்து வெளியானால், அதை மாற்ற வழியில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்த விவரம் யார் மேசையில் இருக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரியப்போவதில்லை. காப்பீட்டில் 100 விழுக்காடு அந்நிய முதலீட்டை அனுமதிக்கும் சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. நாளை நிறுவனம் கைமாறும்போது நம் தரவுகளும் சொத்தோடு சொத்தாகக் கைமாறும்.

எனவே, குழுக் காப்பீடு உள்ள ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் தோழர்கள், அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலிலேயே இதைச் சேர்க்க வேண்டும். முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலை மட்டுமே நிர்வாகம் பெற வேண்டும். பணியாளர்களின் நோய் விவரம் மனிதவளத் துறைக்கு வரக் கூடாது. வேலையிலிருந்து நீங்குவோரின் ஆவணங்களைச் சட்டம் கோரும் காலம் முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம், தரகர், டிபிஏ ஆகிய மூன்று இடங்களிலும் அழித்து, அதற்கான எழுத்துபூர்வச் சான்றைத் தொழிலாளியிடம் அளிக்க வேண்டும். இவற்றைப் பெற 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. 12ஆம் பிரிவின் உரிமையை 7ஆம் பிரிவின்கீழ் வருவோருக்கும் விரிவாக்குவதும், 43ஏ பிரிவைத் தக்கவைப்பதும் நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டியவை. அதற்குள் ஒப்பந்தங்களில் நாம் பெறும் ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு ஆதாரமாகும்.