விரதத் தலைவலி: சோதிக்கிறது முருகனா, கோப்பியா?

ஓம் சரவணபவ.

தைப்பூசம் நெருங்குது. மாலை போட நாள் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அதனால இதை இப்பவே சொல்லிடணும்னு நினைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வருஷம் எங்க தொண்டர் குழுவுல ஒரு தம்பி முதல் முறையா காவடிக்கு 48 நாள் விரதம் எடுத்தார். விரதம்னா பிடிச்சதை எல்லாம் விடணும்னு முதல் நாளே கோப்பியையும் விட்டுட்டார். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிளாஸ் குடிச்சவர். இரண்டாம் நாள் தலை வெடிக்கிற மாதிரி வலி, குமட்டல், உடம்பு அசதி, யார் பேசினாலும் எரிச்சல். "பசி தாங்க முடியல போல" என்று நாங்களே கிண்டல் பண்ணோம். வீட்டுல பெரியவங்க "வேண்டுதல்ல ஏதோ குறை, முருகன் சோதிக்கிறார்" என்று சொல்லிட்டாங்க. மூன்றாம் நாள் மாலையைக் கழற்றிட்டார். அதுக்கப்புறம் கோயில் பக்கம் வரவே கூச்சப்பட்டார்.

பிறகு கிளினிக்குக்குப் போனப்ப டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கோப்பியை எப்ப நிறுத்தினீங்க?"

அந்தக் கிண்டலுக்கு இன்னைக்கு வெட்கப்படுறோம்.

விஷயம் இதுதான். நாம விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகிட்டே வரும். "போதும், தூங்கு" என்று சொல்றது அதுதான். கோப்பியில் இருக்கும் கேஃபீன் போய் அதோட இடத்துல உட்கார்ந்துக்கும். தூக்கச் செய்தி போய்ச் சேராது. களைப்பு போகல, மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். மூளையின் ரத்தக் குழாய்களையும் கேஃபீன் சுருக்கி வைக்கும். தினமும் குடிக்கக் குடிக்க உடம்பு இதுக்குப் பழகிடும். திடீர்னு நிறுத்தினா குழாய்கள் விரிஞ்சு தலை வலிக்கும். கடைசி கிளாஸ் குடிச்சு 12 முதல் 24 மணி நேரத்துல ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், சிலருக்கு 9 நாள் வரைக்கும் இழுக்கும். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே இதுக்குத் தனி இடம் கொடுத்திருக்காங்க. இது பக்திக் குறைவும் இல்ல, தெய்வக் குத்தமும் இல்ல.

இன்னொன்னு. தலைவலிக்குப் போடற சில மாத்திரைகள்ல பாரசிட்டமோலோட 65 மில்லிகிராம் கேஃபீனும் இருக்கும். "கோப்பியை விட்டுட்டேன், மாத்திரை போட்டா சரியாகுது" என்று சொல்றவங்க, அட்டையைத் திருப்பிப் பாருங்க. கோப்பிதான் மாத்திரை வடிவத்துல உள்ள போகுது.

கோப்பி விஷம்னு நாங்க சொல்ல வரல. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கேஃபீன் வரைக்கும் பெரிய கெடுதல் இல்லைன்னு சொல்றாங்க. கர்ப்பிணிகளுக்கு 200-தான். நாங்களும் குடிக்கிறவங்கதான். ஆனா அது இல்லாம ஒரு காலைப் பொழுது ஓடாதுன்னா, யார் யாரை வச்சிருக்காங்க?

இதுல எங்க பங்கும் இருக்கு. திருவிழா ராத்திரி தொண்டர் மேசையில விடிய விடிய 3 இன் 1 கலக்கிக் கொடுக்கிறது நாங்கதான். "தூக்கம் வருதா, ஒரு கோப்பி போடு." நடுராத்திரி குடிச்ச கேஃபீன்ல ஏறக்குறைய பாதி, காலை ஐந்து மணிக்கும் உடம்புலதான் இருக்கும். பாக்கெட்ல பாதிக்குப் பாதி சீனி வேற. இந்த நாட்டுல இனிப்பு நீர் நம்ம இந்தியர்களுக்குத்தான் அதிகம்னு தெரிஞ்சும் கொடுக்கிறோம். அன்புன்னு நினைச்சுப் பழக்கத்தை வளர்த்திருக்கோம்.

ஃபேக்டரியில எங்க மலாய் நண்பர்கள் சிலர் நோன்பு மாதத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கோப்பியைக் குறைச்சிடுவாங்க. நாம ஏன் செய்யக்கூடாது?

எங்க கருத்து இதுதான்:

மாலை போட இரண்டு வாரம் முன்பே குறைக்க ஆரம்பிங்க. ஐந்து கிளாஸ் குடிக்கிறவங்க மூன்று நாளுக்கு ஒரு கிளாஸ் குறைச்சா போதும். விரதம் தொடங்கும்போது உடம்பும் தயாரா இருக்கும்.

விரதத்துல கோப்பி குடிக்கலாமா கூடாதான்னு உங்க குருக்களையும் வீட்டு வழக்கத்தையும் கேளுங்க. அதை நாங்க முடிவு பண்ண முடியாது.

சீனி வியாதி, ரத்த அழுத்தம் உள்ளவங்க விரதத்துக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துடுங்க. தாங்க முடியாத வலின்னா, கோப்பிதான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

தொண்டர் மேசையில சீனி போடாத சுக்கு மல்லியும் வெந்நீரும் வைக்கணும்னு நிர்வாகத்துகிட்ட கேட்கப் போறோம். கோப்பியும் இருக்கட்டும், ஆனா அது மட்டுமே இருக்க வேண்டாம். தூக்கம் வர்ற தொண்டருக்கு ஒரு மணி நேரம் படுக்க இடம் கொடுப்போம். அதுவும் சேவைதான்.

அந்தத் தம்பி இதைப் படிச்சா ஒரு வார்த்தை. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. புரியாம பேசினது நாங்கதான். இந்த வருஷம் மறுபடியும் மாலை போடுங்க. இன்னைக்கே ஒரு கிளாஸைக் குறைங்க, கூடவே நாங்களும் குறைக்கிறோம்.

வேல் வேல்! வெற்றி வேல்!